முப்பத்தொன்பதாம் நம்பரின் கணக்கு

14, 9, 6, 2, 0.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிவைத்திருக்கும் வரிசை இது. அக்கா மகளுக்கு ஜூன் மாதம் கல்யாணம். ரிசப்ஷனுக்குத் தந்த நிறத்தில் லெஹங்கா தைத்தாகிவிட்டது. காலுக்கு நான் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட நிறைவில் வாயை விட்டுவிட்டேன். அவள் கைபேசியை நீட்டினாள். ஐரோப்பிய டிசைனர் ஒருவரின் சாட்டின் ஷூ. தந்த நிறம், 85 மில்லிமீட்டர் ஹீல்ஸ், சைஸ் 39, விலை 695 யூரோ. கணக்கு எளிதாக இருக்க யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் 69,500 ரூபாய். எனக்குப் பகீரென்றது. தடையாக நிற்கப்போவது விலைதான் என்று அப்போது நினைத்தேன். அடுத்த ஏழு வாரத்தில் விலை வரைக்கும் போய்ச் சேரவே முடியவில்லை.

அந்த ஷூவை விற்பதாகத் தேடலில் வந்த இணையக் கடைகள் 14. உள்ளே போய்ப் பார்த்தால் அந்த மாடல் நிஜமாகவே இருந்தவை 9. தந்த நிறம் இருந்தவை 6. மற்ற மூன்றில் கறுப்பும் சிவப்பும்தான். 39 இருந்தவை 2. அதில் ஒன்று இந்தியாவுக்கு அனுப்பாது. இன்னொன்று பணத்தை எடுத்துக்கொண்டது, ஆர்டர் உறுதி என்று அஞ்சல் அனுப்பியது, மூன்றாம் நாள் 'வருந்துகிறோம், இருப்பில் இல்லை' என்றது. கடைசிச் சுழியம் அப்படி வந்தது.

இதில் உறுத்திய விஷயம் வேறு. அந்த ஆறு கடையிலும் ஷூ இருந்தது. இந்த மாடல் 34-இலிருந்து 42 வரை, அரை சைஸ்களும் சேர்த்து 17 சைஸில் வருகிறது. ஆறு கடைக்கும் சேர்த்து 102 சைஸ் கட்டங்கள். கோடு போட்டு அடிக்காமல் உயிரோடு இருந்தவை 23. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சரக்கு கிடக்கிறது: 34½ கிடக்கிறது, 35 கிடக்கிறது, 41½ கிடக்கிறது. ஷூ பஞ்சம் ஒன்றுமில்லை. 39-க்குத்தான் பஞ்சம்.

இது புதுக் குறை இல்லை. இணையத்தில் ஷூ விற்கும் தொழிலே இந்தக் குறையிலிருந்துதான் பிறந்தது. 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் என்ற இளைஞர் சான் பிரான்சிஸ்கோ மால் ஒன்றில் ஏர்வாக் ஷூ தேடி அலைந்தார். ஒரு கடையில் மாடல் இருந்தது, நிறம் இல்லை. இன்னொன்றில் நிறம் இருந்தது, சைஸ் இல்லை. வெறுங்கையோடு வீடு திரும்பியவர் தொடங்கியதுதான் ஸாப்போஸ். 2000-இல் 16 லட்சம் டாலராக இருந்த அதன் விற்பனை 2008-இல் 100 கோடி டாலரைத் தாண்டியது. மறு ஆண்டு அமேசான் வாங்கிக்கொண்டது. ஒரு மாலில் இல்லாத ஷூ உலகத்தில் எங்கோ இருக்கும், இணையம் அதைக் கண்டுபிடித்துத் தரும் என்பதுதான் அந்தத் தொழிலின் வாக்குறுதி. கால் நூற்றாண்டு கழித்து என் நோட்டில் 14 கடை, 0 ஜோடி.

ஏன் என்று கேட்டால், முதலில் மில்லிமீட்டரில் தொடங்க வேண்டும்.

ஐரோப்பிய சைஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு: 6.67 மில்லிமீட்டர். இதைப் பாரிஸ் பாயின்ட் என்பார்கள். அரை சைஸ் என்றால் 3.33 மில்லிமீட்டர், இரண்டு காசு அடுக்கிய கனம். நம் ஊர்க் கடையில் 'ஆறாம் நம்பர் குடுங்க' என்று கேட்பது பிரிட்டிஷ் கணக்கு. அதன் அலகு ஒரு வாற்கோதுமை மணி, அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மில்லிமீட்டர். (நம் பழைய வாய்பாட்டில் 8 நெல் சேர்ந்தால் ஒரு விரல். தானியத்தை வைத்து உடம்பை அளப்பதில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.) இந்த இரண்டு ஏணிகளின் படிகளும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. ஐரோப்பிய 39 என்பது லாஸ்ட் எனப்படும் கால்வடிவக் கட்டையின் நீளத்தில் 260 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 5½ என்பது 258.2; 6 என்பது 262.5. ஆகவே 39 என்பது ஐந்தரையும் இல்லை, ஆறும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. ஒரு கடை அட்டவணையில் 5½ என்று எழுதுகிறது, இன்னொரு கடை 6 என்று எழுதுகிறது. இருவர் சொல்வதும் பொய் இல்லை.

அதோடு விடுவதில்லை. இத்தாலிய பிராண்டின் 39 சில கடைகளின் அட்டவணையில் பிரெஞ்சு பிராண்டின் 40. ஆக, 39 தேடுகிற பெண் உண்மையில் 38½, 39, 39½, 40 என நான்கு கட்டங்களைப் பார்த்தாக வேண்டும். பலர் செய்வதும் அதைத்தான்: ஒருத்தி 38½, 39, 39½ மூன்றையும் தருவிப்பாள், ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்புவாள். மூன்றில் இரண்டு, 66.7 சதவீதம் திரும்புகிறது. ஐரோப்பாவின் பெரிய ஆடை, காலணி இணையக் கடையான ஸலாண்டோவில் விற்றதில் ஏறக்குறைய பாதி திரும்பி வருகிறது. ஐரோப்பியச் சட்டப்படி வாங்கியவர் மனம் மாறியதைச் சொல்ல 14 நாள், சொன்ன பிறகு அனுப்பிவைக்க இன்னும் 14 நாள். 28 நாள் அந்த 39 யாரோ ஒருத்தியின் அலமாரியில் பெட்டி பிரித்தபடி உட்கார்ந்திருக்கும். யார் காலிலும் இல்லை, கடையிலும் இல்லை, பட்டியலில் 'இருப்பில் இல்லை'.

இந்தியக் காலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. இந்தியர்களுக்கென்று 'பா' என்ற புது சைஸ் முறையை வகுப்பதற்கான வேலை அது. பெண்களின் கால் வளர்ச்சி 11 வயதளவில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, ஆண்களுக்கு 15, 16 ஆகிறது என்று அதில் தெரிந்தது. எனக்கு வேண்டிய தகவல் வேறு: நம் கால் ஐரோப்பியர், அமெரிக்கர் காலைவிட அகலம். நீளத்துக்குச் சரியான சைஸ் அகலத்துக்குப் பிடிக்கிறது; அதனால் நம்மவர்கள் ஒரு படி பெரிதாக வாங்கிப் பழகிவிட்டார்கள். அக்கா மகளின் பாதத்தை நான் ஒரு வெள்ளைத் தாளில் நிறுத்திப் பென்சிலால் வரைந்து அளந்தேன். நீளத்தை மட்டும் பார்த்தால் அவள் 38. விரல்களின் அகலத்தால்தான் 39 ஆகிறாள். அந்த 695 யூரோ ஷூவின் இணையப் பக்கத்தில் நீளம் இருந்தது, ஹீல்ஸ் உயரம் இருந்தது, சாட்டினில் பட்டு எவ்வளவு என்றுகூட இருந்தது. அகலம் என்ற சொல்லே இல்லை.

அடுத்து, எத்தனை ஜோடி செய்கிறார்கள்?

உலகத்தில் 2023-இல் செய்த காலணி ஏறத்தாழ 2,240 கோடி ஜோடி. தலைக்கு மூன்று ஜோடியைத் தொடும். டிசைனர் ஷூவின் தாய்வீடான இத்தாலி செய்வது ஆண்டுக்குச் சுமார் 15 கோடி. உலகக் கணக்கில் ஆயிரத்துக்கு ஏழு. அதிலும் டிசைனர் பெயர் தாங்கியவை ஒரு பங்குதான். இந்தச் சின்னக் குவியல்தான் மாடலாக, நிறமாக, ஹீல்ஸாக, சைஸாகப் பிரிகிறது. நான் தேடிய மாடல் மூன்று நிறம், மூன்று ஹீல்ஸ் உயரம், 17 சைஸ். பெருக்கினால் 153. பார்வைக்கு ஒரு ஷூ. கிடங்குக்கு 153 சரக்கு. கடைக்காரர் ஒவ்வொன்றிலும் இரண்டே ஜோடி வைத்தால்கூட 306 ஜோடி அடுக்க வேண்டும். எந்தக் கடையும் அடுக்குவதில்லை.

இந்த இடத்தில் புரியாமல், ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி ஒருவரைப் பிடித்தேன். எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர். ஆம்பூர் என்றால் நமக்குப் பிரியாணி. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோலும், அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகமும், முழு ஷூவும்.

"சைஸ் பிரேக்கப்பு பையர்தான் போடுவான்க்கா. ஆர்டர் ஷீட்லயே வந்துடும். நாங்க ஒண்ணு கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. லேடீஸ்னா கார்ட்டனுக்கு 12 ஜோடி. 36 ஒண்ணு, 37 ரெண்டு, 38 மூணு, 39 மூணு, 40 ரெண்டு, 41 ஒண்ணு."

1-2-3-3-2-1. கோலம் மாதிரி அழகாக இருக்கிறது.

"39 மட்டும் தனியா நூறு ஜோடி அடிச்சுக் குடுக்க மாட்டீங்களாப்பா?"

அவர் சிரித்தார். "லாஸ்ட்டுக்கு எங்கக்கா போறது?"

லாஸ்ட் என்ற கட்டையின்மேல்தான் அப்பரை இழுத்துப் போர்த்தி, சோல் ஒட்டுகிறார்கள். வடிவம் படியும்வரை கட்டை ஷூவுக்குள்ளேயே இருக்க வேண்டும். 39-க்கு 20 ஜோடி கட்டை இருந்தால் ஒரு நேரத்தில் 20 ஜோடி 39-தான் லைனில் ஓடும். நிறம் மாறினால் கட்டை மாறத் தேவையில்லை. ஹீல்ஸ் உயரம் மாறினால் பாதத்தின் வளைவே மாறிவிடும், புதுக் கட்டை வேண்டும். 17 சைஸ், மூன்று ஹீல்ஸ், சைஸுக்கு 20 ஜோடி என்று வைத்தால் 1,020 ஜோடிக் கட்டைகள். தோல் வெட்டும் கத்திகளும் சைஸுக்கு ஒரு செட். பருவம் முடிந்தால் அந்தக் கட்டைகள் மூலைக்குப் போகும், அடுத்த மாடலின் கட்டைகள் வரும். ஒருவர் மின்னஞ்சலில் கெஞ்சினார் என்பதற்காக எந்தப் பட்டறையும் மூலையிலிருந்து 39-ஐ மட்டும் திரும்ப எடுத்துவராது. 'பா' முறை அரை சைஸையே விட்டுவிடப் பார்ப்பதன் வசதி இந்த இடத்தில்தான் புரிகிறது.

அந்த 12 ஜோடியை வைத்து ஒரு கடையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏழு வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான். இத்தாலியில் ஒரு கடை. மொத்த விலை சில்லறை விலையில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைப்போம்: 278 யூரோ. 12 ஜோடிக்கு 3,336. விற்பனை விலை 695-இல் 22 சதவீத வரி அடக்கம். அதைக் கழித்தால் கடையின் கைக்கு 569 யூரோ 67 சென்ட். இப்போது நடு சைஸ் மட்டும் விற்கட்டும்: 38-இல் மூன்று, 39-இல் மூன்று. ஆறு ஜோடிக்கு 3,418 யூரோ. சரக்குக்குப் போட்ட முதல் முழுக்கத் திரும்பிவிட்டது. 82 யூரோ மீதியும் கையில் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கடையில் ஷூ தீர்ந்துவிட்டது. கடைக்காரரைப் பொறுத்தவரை போட்ட முதல் வந்தாயிற்று, இனி அலமாரியில் இருக்கும் ஆறும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் லாபத்துக்கும். 36-இல் ஒன்று, 37-இல் இரண்டு, 40-இல் இரண்டு, 41-இல் ஒன்று. பாதி விலைக்குத் தள்ளினாலும் 1,700 யூரோ சொச்சம் வரும். நம் ஊர்க் கடைகள் 'கட் சைஸ் சேல்' என்று போர்டு மாட்டுவது இந்த மிச்சத்துக்குத்தான். திரும்ப 39 வரவழைக்க வேண்டிய அவசரம் அவருக்கு எங்கே இருக்கிறது? இன்னொரு கார்ட்டன் எடுத்தால் மூன்று 39-க்காக இன்னொரு 36-உம் 41-உம் தலையில் ஏறும்.

நடு சைஸ்காரர்களுக்குப் போட்டி; ஓர சைஸ்காரர்களுக்கு 12-இல் ஒன்று. யாருக்கு நல்லது என்று கேட்டால், 37 அணிகிறவளுக்கு என்று நினைக்கிறேன். என் காலும் 37. எனக்கு யாரும் 695 யூரோவில் வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை.

இதே வகுத்தலை ஒரு பெரிய பெயருக்கும் போட்டுப் பார்க்கலாம். 2025 ஜூனில் மிலானில் பிராடா நடத்திய ஆடவர் அணிவகுப்பில் நம் கோலாப்பூர் செருப்பு, பெயர் சொல்லப்படாமல் நடந்து வந்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நான்கு நான்கு மாவட்டங்களுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு அது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. 2025 டிசம்பரில், இரு மாநில அரசுகளின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு சேர்ந்து, அதே ஊர்க் கைவினைஞர்களை வைத்து 2,000 ஜோடி செய்யப்போவதாக அறிவித்தது. விலை சுமார் 800 யூரோ. 2026 பிப்ரவரி முதல் உலகெங்கும் 40 கடைகளிலும் இணையத்திலும் விற்பனை என்றார்கள்.

2,000-ஐ 40-ஆல் வகுத்தால் கடைக்கு 50. இணையத்தையும் ஒரு கடையாக எண்ணினால் 48 சொச்சம். ஆணுக்கும் பெண்ணுக்குமாக 35 முதல் 46 வரை 12 முழு சைஸ் என்று வைத்து, எல்லாச் சைஸுக்கும் சமமாகப் பிரித்தால் சைஸுக்கு நான்கு ஜோடி. இணையத்தில் 39-க்கு நான்கு ஜோடி, உலகம் முழுவதற்கும்! மொத்தமும் விற்றால் 16 லட்சம் யூரோ, நம் கணக்கில் 16 கோடி ரூபாய். கோலாப்பூர்க் கடைத்தெருவில் சில நூறு ரூபாயிலிருந்து இதே வடிவம் கிடைக்கும். அங்கே 39 இல்லையென்றால் காலை அளந்துகொண்டு செய்தே தருவார்கள்.

வேண்டுமென்றே குறைத்துச் செய்வதன் உச்சத்தைப் பார்க்க 2020-க்குப் போக வேண்டும். டியோரும் நைக்கியின் ஜோர்டனும் சேர்ந்து செய்த ஷூ, உயர வகை 2,200 டாலர். சுமார் 13,000 ஜோடியில் 5,000 பெரும் வாடிக்கையாளர்களுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டது. மீதி 8,000 ஜோடிக்கு இணையத்தில் பெயர் கொடுத்தவர்கள் 50 லட்சம் பேர். ஒரு ஜோடிக்கு 625 பேர். அதற்கும் ஐந்து ஆண்டு முன்னால், 2015 பிப்ரவரியில் அடிடாஸின் முதல் யீஸி 9,000 ஜோடி, 350 டாலர் விலையில் பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. நிமிடத்துக்கு 900; வினாடிக்கு 15. பெட்டியில் பெயரும் முகவரியும் தட்ட மனிதக் கைக்கு எத்தனை வினாடி ஆகும்? அதற்குத்தான் போட் என்ற தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. 2021-இல் நைக்கியின் அதிகாரி ஒருவர் பதவி விலக வேண்டிவந்தது. காரணம், மறுவிற்பனை செய்யும் அவருடைய மகன், அவர் பெயரிலிருந்த கடன் அட்டையில் 1,32,000 டாலருக்கு ஷூ வாங்கிக் குவித்த செய்தி வெளிவந்ததுதான்.

யீஸியின் பின்கதை எனக்குப் பிடித்தமானது. பத்து நிமிடத்தில் தீர்ந்துபோன அதே பெயர், 2022 அக்டோபரில் யீஸியின் கூட்டாளியான பாடகர் கான்யே வெஸ்டோடு அடிடாஸ் உறவை முறித்துக்கொண்டதும், சுமார் 120 கோடி யூரோவுக்கு விற்கக்கூடிய மலையாகக் கிடங்கில் நின்றது. அதை விற்றுத் தீர்க்க 2024 முடியும்வரை ஆயிற்று. தட்டுப்பாடு என்பது தொழிற்சாலையில் விளைகிற பொருள் என்பதற்கு இதைவிடப் பச்சையான கணக்கு எனக்குத் தெரியாது.

சைஸ் மட்டுமே விலையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. மறைந்த வர்ஜில் ஆப்லோ லூயி விட்டோனுக்காக வடிவமைத்த நைக்கி ஷூ 200 ஜோடியை 2022 தொடக்கத்தில் சோத்பிஸ் ஏலம் விட்டது. அமெரிக்க சைஸ் 5 முதல் 18 வரை. மொத்தம் 2 கோடியே 53 லட்சம் டாலர் வந்தது. ஜோடிக்குச் சராசரி 1,26,500. எல்லாவற்றிலும் கூடுதல் விலைக்குப் போனது எது என்கிறீர்கள்? சைஸ் 5. 3,52,800 டாலர். தோல் குறைவாகப் பிடித்த ஜோடிக்குச் சராசரியைப்போல் இரண்டே முக்கால் மடங்கு விலை.

நான் தேடியது ஏலப் பொருள் இல்லை, சாதாரணக் கல்யாண ஷூ. அதற்கு வேறு எதிரி: பஞ்சாங்கம். கோடைக்கான டிசைனர் ஷூவைக் கடைகள் முந்தைய செப்டம்பர், அக்டோபரில் ஆர்டர் கொடுக்கின்றன. சரக்கு ஜனவரி, பிப்ரவரியில் வந்து இறங்குகிறது. நான் நோட்டை எடுத்தது ஏப்ரல் 20. எந்தக் கடையில் எத்தனை 39 என்பது முடிவானபோது எங்கள் வீட்டில் ஜாதகமே எடுக்கவில்லை. ஜூன் மாதம் தள்ளுபடி தொடங்கும்; மிச்சம் இருப்பது 35-உம் 42-உம்தான்.

'வந்தால் சொல்லுங்கள்' என்று ஐந்து கடையில் மின்னஞ்சல் கொடுத்தேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று விடியற்காலை 2 மணி 50 நிமிடத்துக்கு. அங்கே அப்போது இரவு 11.20. காலையில் பால் வாங்கிவைத்துவிட்டுப் பார்த்தேன், மறுபடி கோடு விழுந்திருந்தது. இன்னொன்று 39 என்று நினைத்துத் திறந்தேன், கறுப்பு.

அந்த மூன்றாம் நாள் 'வருந்துகிறோம்' அஞ்சலுக்கும் காரணம் உண்டு. பல இணையக் கடைகள் சரக்கைத் தங்களிடம் வைப்பதில்லை. 2007-இல் தொடங்கிய ஃபார்ஃபெட்ச் போன்ற தளங்கள் ஊர் ஊராக இருக்கும் சிறு கடைகளின் அலமாரியைத்தான் திரையில் காட்டுகின்றன. மிலானில் ஒருத்தி அந்த 39-ஐக் கையில் எடுத்து வெளியே போன செய்தி திரைக்கு வந்து சேரும் இடைவெளியில் சென்னையில் இன்னொருத்தி பணம் கட்டிவிடுவாள். ஸாப்போஸும் தொடக்கத்தில் தயாரிப்பாளர் கிடங்கிலிருந்து நேரே அனுப்பும் முறையை நம்பியிருந்தது. விற்பனையில் கால் பங்கு அப்படித்தான் நடந்தது. இருப்பு விவரம் சரியாக வராமல் நூற்றுக்கு ஐந்து பேரை ஏமாற்ற வேண்டியிருந்ததால், 2003-இல் அந்தக் கால் பங்கையே வேண்டாம் என்று விட்டுவிட்டு எல்லாச் சரக்கையும் தன் கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. எனக்கு ஆர்டர் உறுதி அனுப்பிய கடைக்கு அந்த மனசு வரவில்லை.

சரக்கை வாங்கி வைக்கிற கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. லண்டனின் மேட்சஸ் 2023 டிசம்பரில் 5 கோடியே 20 லட்சம் பவுண்டுக்குக் கைமாறி, மூன்று மாதத்துக்குள் திவால் நிர்வாகத்துக்குப் போனது. சரக்கைத் தன்னிடம் வைக்காத ஃபார்ஃபெட்சையும் அதே 2023 டிசம்பரில் தென்கொரியாவின் கூப்பாங் 50 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றியது. ஒரு கடை மூடினால் 39-இன் மூன்று ஜோடிகள் மூடுகின்றன.

இந்தியாவில் ஒரு கடையே வரவழைத்து வைத்திருக்கலாமே? 2020 பட்ஜெட்டில் காலணி இறக்குமதி வரி 25-லிருந்து 35 சதவீதம் ஆயிற்று. கூடுதல் தீர்வையோடு 38.5. 2025-இல் தலைப்புகளை மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை அதேதான். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 100 ரூபாய்ச் சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போது 138 ரூபாய் 50 காசு. வரிமேல் வரி ஏறி 163 ரூபாய் 43 காசு. (தனிநபர் தருவிக்கும் பொட்டலத்துக்கு வேறு தலைப்பு, வேறு விகிதம்.) பணத்தைக்கூடக் கட்டிவிடலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. விற்பனைக்கு இறக்கும் ஷூ எந்தப் பட்டறையில் செய்யப்பட்டதோ அந்தப் பட்டறை, அது வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பருவத்துக்குச் சில நூறு ஜோடி மட்டும் இங்கே அனுப்பும் பட்டறை அந்த மெனக்கெடலை எதற்கு எடுக்கப்போகிறது?

மே மாதக் கடைசியில் அக்கா மகளே சொல்லிவிட்டாள். "விடு சித்தி, லெஹங்காவுக்கு அடியில யார் குனிஞ்சு பாக்கப் போறா?" தி. நகரில் ஒரு கடையில் தந்த நிறத்துக்குப் பக்கத்தில் வருகிற நிறத்தில் 40 கிடைத்தது. ஹீல்ஸ் 70 மில்லிமீட்டர். தெருமுனையில் செருப்பு தைப்பவர் உள்ளே ஒரு பட்டை ஒட்டி 39 ஆக்கிக் கொடுத்தார்.

நோட்டின் அந்தப் பக்கத்தில் கடைசியாக எழுதியவை இவை.

உறுதி என்று சொல்லிப் பிறகு கைவிரித்த கடைக்குக் கட்டியது: ஷூ 695, கூரியர் 35, வரி 279, ஆக 1,009 யூரோ. ரூபாயில் 1,00,900. வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்ததற்கு வங்கி எடுத்த 3.5 சதவீதம்: 3,531 ரூபாய் 50 காசு. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.: 635 ரூபாய் 67 காசு. ஒன்பதாம் நாள் பணம் திரும்பியபோது யூரோ 60 காசு இறங்கியிருந்ததால் குறைந்தது: 605 ரூபாய் 40 காசு. வங்கிக் கட்டணம் திரும்பாது என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

வந்த ஜோடி: ஷூ 3,490, பட்டை 150. கூட்டினால் 3,640.

வராத ஜோடி: 4,772 ரூபாய் 57 காசு.